1,60,000 ரூபாயோடு எழுந்து வந்திருக்கலாம்: டிவி வினாடி வினாவில் நான் பட்டது

கொல்லம். இந்த ஒரு ஊர்ப் பெயரைச் சொல்லியிருந்தால் அன்றைக்கு 3,20,000 ரூபாய். பதிலே சொல்லாமல், "போதும் சார், நான் எழுந்துக்கிறேன்" என்று சொல்லியிருந்தாலும் 1,60,000. நான் சொன்னது கோவா. 40,000-க்கு இறங்கினேன். அந்த 40,000-லும் எல்லாச் செலவும் போக என் கையில் நின்றது எவ்வளவு என்று கடைசியில் சொல்கிறேன். போவதற்கு முன்னால் யாராவது ஒருவர், ஒரே ஒருவர், உட்கார வைத்து நான்கு விஷயம் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். எங்கள் ஊரில் அப்படிச் சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கோவில்பட்டியில் ஒரு தனியார் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. மாதச் சம்பளம் 18,000. வீட்டில் நானும் அம்மாவும். தம்பி திருப்பூரில் வேலையில் இருக்கிறான். குரூப் 2 தேர்வு இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் கொஞ்சத்தில் போனது. அந்தப் படிப்பு வீணாகிவிட்டதே என்ற வருத்தம் உள்ளுக்குள் எப்போதும் உண்டு. 2020 ஜனவரியில் கலர்ஸ் தமிழில் ராதிகா நடத்திய 'கோடீஸ்வரி'யில் மதுரையைச் சேர்ந்த கௌசல்யா கார்த்திகா ஒரு கோடி ஜெயித்ததை அம்மாவும் நானும் பார்த்தோம். காது கேளாத, வாய் பேச இயலாத பெண். அவர் அந்த இருக்கையில் எவ்வளவு நிதானமாக உட்கார்ந்திருந்தார் என்பது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. அம்மா அன்றைக்குச் சொன்னது: "நீயும் இவ்வளவு படிச்சிருக்கியே, ஒரு தடவ போய்ப் பாரேன்ட்டி." நான் கலந்துகொண்டது வேறொரு சேனல், அதைவிடச் சிறிய நிகழ்ச்சி. மேல்தொகை பத்து லட்சம். பெயர் வேண்டாம்.

2022 ஜூனில் டிவியில் ஓடிய எண்ணுக்குப் பதில் அனுப்பிப் பதிவு செய்தேன். நான்காவது நாள் ஒரு போன். நிகழ்ச்சியின் பெயரைச் சொல்லி, நான் தேர்வாகிவிட்டதாகவும், ஆடிஷனுக்கு இடம் உறுதி செய்ய 2,500 கட்ட வேண்டும் என்றும், அது பிறகு திரும்பி வரும் என்றும் சொன்னார். குரல் மரியாதையாக இருந்தது. என் பெயர், ஊர் எல்லாம் சரியாகச் சொன்னார். ஜிபேயில் அனுப்பிவிட்டேன். மறுநாள் "அடையாள அட்டைக்கு 6,000" என்று திரும்பவும் கேட்டபோதுதான் அடிவயிற்றில் ஒரு பயம் வந்தது. உண்மையான குழு என்னை அழைத்தது அதற்கும் மூன்று வாரம் கழித்து. ஒரு பைசா கேட்கவில்லை. கேபிசி ('கௌன் பனேகா குரோர்பதி') பெயரில் 25 லட்சம் விழுந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியைப் பார்த்துச் சிரித்தவள்தான் நான். ஆனால் நாமே பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கும்போது வரும் போனில் அந்த விழிப்பு இருப்பதில்லை. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: போட்டியாளரிடம் பணம் கேட்கும் நிகழ்ச்சி எதுவும் நிகழ்ச்சி இல்லை. பதிவுக் கட்டணம், ஜிஎஸ்டி, அடையாள அட்டை, எந்தப் பெயரில் கேட்டாலும் போனை வைத்துவிடுங்கள். அனுப்பிவிட்டீர்கள் என்றால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் அந்த மணி நேரத்திலேயே 1930-க்கு, அதாவது சைபர் மோசடிப் புகார் எண்ணுக்குப் பேசுங்கள். நான் வெட்கப்பட்டு ஒரு வாரம் யாரிடமும் சொல்லவில்லை. 2,500 போனது போனதுதான்.

ஆடிஷன் ஆகஸ்டில் சென்னையில். நெல்லை எக்ஸ்பிரஸில் போய், அன்று இரவே திரும்பினேன். முதலில் இருபது கேள்விகளுக்கு ஒரு தாளில் பதில். அது எனக்கு எளிது. அதற்குப் பிறகு கேமரா முன்னால் ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். என்னோடு வந்தவர்களில் என்னைவிட அதிகம் தெரிந்த ஒரு பையன், தாளில் முழு மதிப்பெண், இந்த ஐந்து நிமிடத்தில் தலை குனிந்தே பேசினான். அவனை எடுக்கவில்லை. டிவிக்குக் கேள்வி பதில் மட்டும் போதாது, ஒரு கதையும் முகமும் வேண்டும். என்னிடம் அம்மாவைப் பற்றி, அப்பா இறந்ததைப் பற்றி, தீப்பெட்டி ஆபீசில் அம்மா வேலை பார்த்ததைப் பற்றி நிறையக் கேட்டார்கள். நானும் மனம் விட்டுச் சொல்லிவிட்டேன். அத்தனையும் பிறகு சோக இசையோடு ஒளிபரப்பானது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே எழுந்து உள்ளே போய்விட்டார். ஊர் பார்க்கக் கூடாது என்று நீங்கள் நினைக்கும் எதையும் ஆடிஷனில் சொல்லாதீர்கள். அங்கே சொன்ன பிறகு, அதைக் காட்டலாமா வேண்டாமா என்று உங்களிடம் யாரும் திரும்பக் கேட்க மாட்டார்கள்.

தேர்வான பிறகு ஒரு பட்டியல் அனுப்பினார்கள். மூன்று செட் உடை, வெள்ளை கூடாது, பொடிக் கட்டம், நெருக்கமான கோடு கூடாது (கேமராவில் அலையடிக்கும்), கம்பெனி பெயர் போட்ட எதுவும் கூடாது. என்னிடம் இருந்த பள்ளிப் புடவைகள் பெரும்பாலும் பொடிக் கட்டம். இரண்டு புதுப் புடவை 4,000, பிளவுஸ் தையல் 700. கடைசியில் கேமரா முன்னால் உடுத்தியது ஒன்றைத்தான். அக்காவிடமோ, கூட வேலை பார்க்கும் மிஸ்ஸிடமோ கேட்டு வாங்கிக் கட்டியிருக்கலாம். மூன்று செட் ஏன் கேட்கிறார்கள் என்றால், ஸ்டுடியோ வாடகையை மிச்சப்படுத்த ஒரே நாளில் பல எபிசோடுகளை எடுத்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் 'ஜெப்பர்டி' வினாடி வினா நிகழ்ச்சியில்கூட ஒரே நாளில் ஐந்து எபிசோட் எடுப்பார்களாம். ஜெயித்தவர் உள்ளே போய் உடை மாற்றிக்கொண்டு வந்து 'அடுத்த நாள்' போல நிற்பார். அதனால் நீங்கள் போகும் நாளில் உங்கள் முறை வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எனக்கு அதுதான் நடந்தது. அக்டோபரில் முதல் முறை போய், லாட்ஜில் இரண்டு இரவு தங்கி, இரண்டு பகலும் முழு மேக்கப்போடு காத்திருந்து, "மேடம், உங்க பேட்ச் அடுத்த வாரம் போயிடுச்சு" என்று சொன்னபோது அழுதே விட்டேன். அந்தப் பயணத்துக்கு மட்டும் 3,600. டிக்கெட் காட்டினால் பயணச் செலவு தருவோம் என்றார்கள். நான் ஆட்டோவுக்கும் லாட்ஜுக்கும் ரசீது வாங்கவில்லை. ரயில் டிக்கெட்டின் குறுஞ்செய்தியையும் போனில் இடம் போதவில்லை என்று அழித்திருந்தேன். ரசீது இல்லாத எதற்கும் காசு வரவில்லை.

இரண்டாம் முறை போன நாளைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். காலை ஆறு மணிக்கு ஸ்டுடியோவில் இருக்கச் சொன்னார்கள். போனவுடன் போனை வாங்கி ஒரு உறையில் போட்டுப் பெயர் எழுதிவிட்டார்கள். ஒரு பெண் பதினாலு பக்க ஒப்பந்தத்தை நீட்டினார். முழுக்க ஆங்கிலம். பக்கத்துக்கு ஒரு கையெழுத்து. பின்னால் வரிசை நிற்கிறது, மேக்கப் அறையிலிருந்து பெயரைக் கூப்பிடுகிறார்கள். பதினாலு பக்கத்திலும் போட்டுவிட்டு எழுந்தேன். பணம் எப்போது வரும், நிகழ்ச்சி ஒளிபரப்பாகாவிட்டால் என்ன ஆகும், முடிவை வெளியே சொன்னால் என்ன ஆகும், எல்லாம் அதற்குள்தான் இருந்தது. ஒரு நாள் முன்னதாகவே அதன் நகலை மின்னஞ்சலில் கேட்டு வாங்கியிருக்கலாம் என்று பிறகு தெரிந்தது. என்னோடு வந்த ஒரு வங்கி ஊழியர் அப்படித்தான் வாங்கி, மகனிடம் படிக்கச் சொல்லி, குறித்துக்கொண்டு வந்திருந்தார்.

உள்ளே ஏசி குளிர் எலும்புக்குள் இறங்கியது. விளக்குகளின் சூடு மேடையில் மட்டும்தான். காத்திருக்கும் அறை குளிர்பெட்டி. நான் சால்வை கொண்டு போகவில்லை. கேள்வி எதுவும் கசிந்துவிடக் கூடாது என்பதால் கழிப்பறைக்குப் போவதென்றாலும் கூடவே ஒரு பெண் வருவார். புடவைக்குள் மைக் வயர் போட்ட பிறகு ஒவ்வொரு முறையும் அதைக் கழற்றி மாட்ட வேண்டும். அவருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று நான் தண்ணீரே குடிக்கவில்லை. மதியம் நாலு கரண்டி தயிர்சாதம். மாலை ஐந்து மணிக்குத் தலைவலி தொடங்கிவிட்டது. என் முறை வந்தது இரவு ஒன்பதரைக்கு. பதினைந்து மணி நேரம் விழித்திருந்து, பசியோடும் தலைவலியோடும் ஒரு மனுஷி யோசிப்பது எப்படி இருக்குமோ அப்படித்தான் நான் யோசித்தேன். அதனால் இதை எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்வேன்: தண்ணீர் குடியுங்கள், மூன்று வேளையும் சாப்பிடுங்கள், சால்வை எடுத்துப் போங்கள், வாய்ப்புக் கிடைத்தால் நாற்காலியிலேயே அரை மணி நேரம் கண்ணை மூடுங்கள். கழிப்பறைக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் கேளுங்கள். அது அவர்கள் வேலை. நான் கோவில்பட்டி கடலை மிட்டாய் ஒரு கிலோ வாங்கிப் போய் அங்கிருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். நான் ஒரு துண்டு வாயில் போடவில்லை.

முதல் சுற்று பஸ்ஸர், பொத்தானை முதலில் அழுத்துபவருக்குத்தான் பதில் சொல்லும் வாய்ப்பு. ஐந்து பேர், இருபது கேள்வி. சரி என்றால் 10, தவறு என்றால் 5 கழியும். முதலிடம் வருபவர் தனி இருக்கைக்குப் போவார். மூன்றாவது கேள்வி: "தமிழ்நாட்டின் மாநில விலங்கு வரையாடு, மாநிலப் பறவை..." அவ்வளவுதான், அழுத்திவிட்டேன். "மரகதப் புறா" என்றேன். தொகுப்பாளர் முழுக் கேள்வியையும் படித்தார்: "மாநில விலங்கு வரையாடு, மாநிலப் பறவை மரகதப் புறா, மாநில வண்ணத்துப்பூச்சி எது?" தமிழ் மறவன். 2019-ல் அறிவித்தது, வகுப்பில் நானே சொல்லிக் கொடுத்தது. கேள்வி எழுதுபவர்கள் வேண்டுமென்றே இப்படித் தெரிந்ததை முன்னால் வைத்து, கடைசியில் திருப்புவார்கள். அழுத்த வேண்டிய இடம் அந்தத் திருப்பம் தாண்டிய பிறகுதான். இன்னொன்று, பஸ்ஸர் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் ஒவ்வொரு மாதிரி. எங்களுக்குக் கேள்வி முடியும் முன்பே அழுத்தலாம். ஜெப்பர்டியில் தொகுப்பாளர் படித்து முடித்து விளக்கு எரிந்த பிறகுதான் பஸ்ஸர் திறக்கும், முந்தி அழுத்தினால் கால் விநாடி பூட்டிக்கொள்ளும். ஒத்திகையின்போது இதைத்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: எப்போது திறக்கும், முந்தினால் என்ன ஆகும், அழுத்திய பிறகு எத்தனை விநாடி. நான் ஒத்திகையில் முகத்தில் பவுடர் சரியாக இருக்கிறதா என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தத் தவறுக்குப் பிறகு ஐந்து கேள்வி கையையே வைக்கவில்லை, பயம். பிறகு திருக்குறளில் ஒன்று, நீதிக்கட்சி பற்றி ஒன்று என்று தொடர்ந்து வந்தன. பள்ளிப் புத்தகம் எனக்குக் கை கொடுத்தது. 2019-ல் ஜெப்பர்டியில் 32 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்த ஜேம்ஸ் ஹோல்சாவர், நூலகத்தில் குழந்தைகளுக்கான அறிவுப் புத்தகங்களைத் தேடித் தேடிப் படித்தே தயாரானாராம். படம் இருக்கும், சுருக்கமாக இருக்கும், மனதில் நிற்கும். நம்மிடம் அதற்குச் சமமானது ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான சமச்சீர் புத்தகங்கள். பெரிய பொது அறிவுக் களஞ்சியம் எதுவும் வாங்க வேண்டாம். இந்தப் புத்தகங்களை அட்டை முதல் அட்டை வரை, பெட்டிச் செய்தி உட்பட, இரண்டு முறை படியுங்கள். கூடவே எனக்குத் தெரியாத சினிமாவும் கிரிக்கெட்டும் நிறைய வரும். அதைத்தான் நான் தொடவே இல்லை.

ஒரு வழியாக இருக்கையில் உட்கார்ந்தேன். ஐந்தாம் கேள்விக்கு 40,000, அதற்குக் கீழே இறங்க மாட்டோம். ஆறாவது 80,000. ஏழாவது 1,60,000: 1983 உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் ஆட்ட நாயகன் யார்? கபில்தேவ், ஸ்ரீகாந்த், மதன்லால், மொஹிந்தர் அமர்நாத். எனக்குத் தெரியாது. தெரிந்தவரிடம் போனில் கேட்கும் உதவியை எடுத்துத் தம்பிக்குப் போன். முப்பது விநாடி. "அக்கா, எப்படிக்கா இருக்க, அம்மா வந்திருக்காங்களா?" என்றான். பாவம், அவனும் காலையிலிருந்து போனையே பார்த்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்திருக்கிறான். நானும் "நல்லாருக்கேன்டா" என்று தொடங்கிவிட்டேன். அதிலேயே பத்து விநாடி போனது. நான்கு பெயரையும் அவசர அவசரமாகச் சொல்லி முடித்தபோது அவன் "அமர்நாத்க்கா, அமர்நாத்" என்றான், போன் துண்டானது. கொஞ்சம் பிந்தியிருந்தால் அதுவும் போயிருக்கும். போன் நண்பர்களோடு வீட்டிலேயே கடிகாரம் வைத்து நாலைந்து முறை பழகுங்கள். விசாரிப்பு எதுவும் கூடாது, எடுத்தவுடன் கேள்வியின் முக்கியச் சொல், பிறகு நான்கு விடை. அவர் விடையோடு எத்தனை சதவீதம் உறுதி என்றும் சொல்ல வேண்டும். சினிமாவுக்கு ஒருவர், விளையாட்டுக்கு ஒருவர், அறிவியலுக்கு ஒருவர் என்று பிரித்துக் கொடுங்கள். பாசத்துக்காக யாரையும் பட்டியலில் போடாதீர்கள்.

எட்டாவது கேள்வி. தமிழில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 1578-ல் எந்த ஊரில் அச்சிடப்பட்டது? கோவா, கொச்சி, கொல்லம், தரங்கம்பாடி. கேள்வியைப் பார்த்தவுடன் மனதில் வந்தது கொல்லம். அதுவும் வெறும் பெயராக வரவில்லை. குரூப் 2-க்கு எழுதிய பச்சை அட்டைக் குறிப்பேட்டில், இடப்பக்கம், மேலே, "அண்ட்ரிக் அடிகளார், 16 பக்கம், கொல்லம்" என்று என் கையெழுத்தே தெரிந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் தொகையைப் பார்த்தேன். 3,20,000. அம்மாவின் முழங்கால் ஆபரேஷனுக்கு டாக்டர் சொன்ன தொகை அதில் பாதி. உடனே பயம் பிடித்துக்கொண்டது. பார்வையாளர் உதவியைக் கேட்டேன். தரங்கம்பாடி 58, கோவா 21, கொல்லம் 12, கொச்சி 9. தரங்கம்பாடி இல்லை என்பது எனக்கு நிச்சயம். அங்கே அச்சுக்கூடம் வைத்த சீகன்பால்கு வந்து இறங்கியதே 1706-ல்தான். ஆனால் கொல்லத்துக்கு வெறும் 12 என்பதைப் பார்த்தவுடன் என் குறிப்பேட்டையே நான் சந்தேகப்படத் தொடங்கினேன். தொகுப்பாளர் மெதுவாக, "நல்லா யோசிங்க மேடம், அவசரமே இல்ல" என்றார். யோசித்தேன். இந்தியாவுக்கு முதல் அச்சு இயந்திரம் வந்தது கோவாவில், 1556. தமிழ் எழுத்துகளை முதலில் வார்த்ததும் கோவாவில்தான். அப்படியென்றால் புத்தகமும் அங்கேதானே அச்சாகியிருக்க வேண்டும்? இந்த நியாயம் அந்த நேரத்தில் அவ்வளவு பலமாகத் தெரிந்தது. "கோவா" என்றேன். பூட்டச் சொன்னேன்.

இத்தனை வருஷமாக இதைத் திரும்பத் திரும்ப யோசித்ததில் எனக்குத் தெளிவானது இதுதான். எங்கே படித்தோம் என்று பக்கம் நினைவுக்கு வருகிறதென்றால் நமக்கு விடை தெரியும். "அப்படித்தான் இருந்திருக்கணும்" என்று காரணம் கட்டுகிறோம் என்றால் தெரியாது. அந்த இருக்கையில் இரண்டும் ஒரே குரலில் பேசும். பிரித்துப் பார்க்க மனதுக்குள் ஒரே ஒரு கேள்வி போதும்: இதை எங்கே பார்த்தேன்? கோவாவுக்கு என்னிடம் இடம் இல்லை, காரணம் மட்டும்தான் இருந்தது. பார்வையாளர் உதவியும் இப்படித்தான். பாட்டு, நடிகர், கிரிக்கெட், சமையல் இதற்கெல்லாம் கூட்டம் சரியாகச் சொல்லும். எல்லாருக்கும் ஒரே மாதிரி ஒரு ஊர் மனதில் பதிந்திருக்கும் இதுபோன்ற கேள்வியில் கூட்டம் மொத்தமும் அந்த ஊருக்கே போகும். அந்த உதவியை நான் ஐந்தாம், ஆறாம் கேள்வியிலேயே செலவழித்திருக்க வேண்டும். இன்னொன்று, வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே ஒரு தொகையைத் தீர்மானித்துத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: இதைத் தொட்டுவிட்டால், நூறு சதவீதம் தெரிந்தால் மட்டும் பதில், இல்லையென்றால் எழுந்துவிடுவேன் என்று. மேடையில் அதைத் தீர்மானிக்கும் தெம்பு யாருக்கும் இருக்காது. எழுந்து வரலாம் என்ற எண்ணமே எனக்கு அன்று ஒரு முறைகூட வரவில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது.

அதற்குப் பிறகு வந்த நான்கு மாதம் மேடையைவிடக் கொடுமை. ஒளிபரப்பாகும் வரை முடிவை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது ஒப்பந்தம். அம்மாவிடமும் தம்பியிடமும் மட்டும் சொன்னேன். ஆனால் நான் சென்னை போனது தெரு முழுக்கத் தெரியும். "எவ்வளவு?" என்று கேட்பார்கள், நான் "சொல்லக் கூடாது" என்பேன், அதையே லட்சக்கணக்கில் ஜெயித்ததாக எடுத்துக்கொண்டார்கள். பெரியப்பா மகன் ஐம்பதாயிரம் கைமாற்றுக் கேட்டு வந்தார். இல்லை என்றதும் பேச்சு நின்றது. இன்னும் முழுதாகச் சேரவில்லை. நிகழ்ச்சிக்குப் போவதையே முன்கூட்டி யாரிடமும் சொல்லாதீர்கள். பள்ளியில் லீவு கேட்க வேண்டியவரிடம் மட்டும் சொன்னால் போதும். 2023 பிப்ரவரியில் ஒளிபரப்பானபோது நான் யோசித்த அந்த நீண்ட நேரம் சில விநாடிகளாக வெட்டப்பட்டிருந்தது. கூட்டத்தின் 58 சதவீதத்தைக் காட்டினார்கள், நான் "கோவா" என்றேன், முடிந்தது. சமூக அறிவியல் டீச்சருக்கு இது தெரியாதா என்று ஒரு மாணவனின் அப்பா பள்ளி வாசலில் நின்று கேட்டார். எனக்குத் தெரியும் சார் என்று சொல்ல வாய் வரவில்லை.

இனி பணம். 40,000-ல் 30 சதவீதம், அதாவது 12,000 டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) பிடித்தம். 10,000-ஐத் தாண்டும் பரிசுக்கு இது கட்டாயம். பழைய 1961 வருமான வரிச் சட்டத்தில் 194பி பிரிவு. என் வருஷச் சம்பளமே 2,16,000, வரி வரம்புக்குள் வராது, அதனால் ரிட்டர்ன் போட்டு இந்த 12,000-ஐத் திரும்ப வாங்கிவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஆடிட்டர் உட்கார வைத்து விளக்கினார். பரிசுப் பணத்துக்கு 115பிபி என்று தனிப் பிரிவு, நேராக 30 சதவீதம், அடிப்படை வரம்பும் கிடையாது, சேமிப்புக்குக் கிடைக்கும் 80சி கழிவும் கிடையாது, போகவரச் செலவைக் கழிக்கவும் முடியாது. அதோடு அந்த வரி மேல் 4 சதவீத செஸ் என்னும் கூடுதல் வரி, 480 ரூபாய், ஆடிட்டர் சொன்னபடி நான் தனியாகக் கட்டினேன். ரிட்டர்னுக்கு எளிய ஐடிஆர்-1 படிவமும் ஆகாது, ஐடிஆர்-2 என்றார். ஆடிட்டர் கட்டணம் 1,000. நிறுவனத்திடமிருந்து வரி பிடித்த சான்றிதழை (அப்போது படிவம் 16ஏ) கேட்டு வாங்குங்கள், பிடித்த வரி உங்கள் வரிக் கணக்கு விவரத்தில் (அப்போது 26ஏஎஸ்) ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். பொருளாகப் பரிசு விழுந்தால் இன்னும் கவனம் வேண்டும். அதற்கும் வரி உண்டு, வரி கட்டின பிறகுதான் பொருள் கைக்கு வரும்.

பணம் ஒளிபரப்பாகி 120 நாளில் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. 120 நாள் கழித்தும் வரவில்லை. போன் செய்தால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டினார். கடைசியில் தெரிந்தது, அனுப்பிய பணம் திரும்பிப் போயிருக்கிறது. பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக, பாஸ்புக்கில் இனிஷியல் மட்டும். கிளம்பும் முன்பே ஆதார், பான், பாஸ்புக் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். போனில் பேசியதை எல்லாம் மின்னஞ்சலிலும் எழுதுங்கள். நான் தேதி போட்டு மின்னஞ்சல் அனுப்பத் தொடங்கிய பிறகுதான் பதில் ஒழுங்காக வந்தது. 28,000 என் கணக்கில் ஏறியது 2023 செப்டம்பரில், படப்பிடிப்பு முடிந்து பதினோரு மாதம் கழித்து.

கணக்கு இதுதான். ஏமாந்தது 2,500. ஆடிஷன் பயணம் 1,400. புடவை, தையல் 4,700. வீணான பயணம் 3,600. இரண்டாம் பயணம் 2,900. ஆறு நாள் சம்பளப் பிடித்தம் 3,600. மொத்தம் 18,700. செஸ்ஸும் ஆடிட்டரும் 1,480. வந்த 28,000-ல் மிஞ்சியது 7,820. அதில் அம்மாவுக்கு முழங்கால் எக்ஸ்ரேயும் இரண்டு மாத மாத்திரையும் வாங்கினேன். ஆபரேஷன் இன்னும் நடக்கவில்லை.

போன வாரம் வேறொரு நிகழ்ச்சிக்கு மறுபடியும் பதிவு செய்திருக்கிறேன். பான் கார்டைத் திருத்தியாயிற்று. தம்பியோடு ஞாயிற்றுக்கிழமைகளில் முப்பது விநாடி வைத்துப் பழகுகிறோம், இப்போது எடுத்தவுடன் "ம், சொல்லு" என்று மட்டும்தான் சொல்கிறான். பச்சை அட்டைக் குறிப்பேட்டை முதல் பக்கத்திலிருந்து திரும்பப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன்.